ஆளில்லாத அட்டவணை

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் கொத்துக்கொத்தாக ரத்தாயின. 5ஆம் தேதி மட்டும் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேல். விமானம் நின்றது, டிக்கெட் வாங்கியவர் வந்து காத்திருந்தார், ஓட்டத்தான் ஆள் இல்லை. பழி உடனே விமானிகளின் ஓய்வு விதிகள்மேல் விழுந்தது. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக்கி, இரவுப் பணியில் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதிகள் அவை. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அவற்றை 2024 ஜனவரியிலேயே வெளியிட்டுவிட்டது. அந்த ஜூனில் வரவேண்டியவை, நிறுவனங்கள் முரண்டு பிடித்ததால் தள்ளிப்போய், டெல்லி உயர் நீதிமன்றம்வரை சென்று, 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக அமலாயின. ஏறக்குறைய இரண்டாண்டு அவகாசம். அதற்குள் போதிய ஆளைச் சேர்க்காத நிறுவனம் குளிர்கால அட்டவணையில் கூடுதல் விமானங்களைக் கேட்டது, டிஜிசிஏவும் கொடுத்தது. நிறுவனத்தைத் திட்டுவது எளிது. அந்த அனுமதியில் கையெழுத்திட்ட இடத்தில்தான் கேள்வியை வைக்க வேண்டும்.

சிறிய ஊர்களுக்கு விழும் அடி வேறு மாதிரி. சேலம், தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் பறப்பது ஏடிஆர் ரகச் சிறு விமானம். இண்டிகோ ஏடிஆரில் 78 இருக்கை, இரண்டு விமானிகள், 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் இரண்டு பணிப்பெண்கள். ஏர்பஸ் ஓட்டுபவரைக் கூப்பிட்டு இதில் உட்காரவைக்க முடியாது. அந்த ரகத்துக்கென்று தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும். போகியன்று காலையில் மீனம்பாக்கம் புகையில் மூழ்கி, புறப்பாடு மூன்று மணி நேரம் தள்ளிப்போகிறது என்று வையுங்கள். அன்று நாலு முறை பறக்க வேண்டிய விமானிக்குக் கடைசிச் சுற்றுக்குள் பணி நேரம் முடிந்துவிடும். சென்னையில் ஸ்டாண்ட்பை ஆள் இருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் வெட்டு விழுவது சேலத்துக்கு. டெல்லி விமானம் ரத்தானால் சில மணி நேரத்தில் இன்னொன்று உண்டு; சேலத்துக்கு அநேகமாக மறுநாள்தான். அப்பா அம்மாவை ஊரில் விட்டு மந்தைவெளியில் குடியிருப்பவர் அவசரத்துக்கு விமானத்தை நம்பினால், அதற்குள் தட்கலும் தீர்ந்திருக்கும்.

நாட்டில் விமானிகளே இல்லை என்பதும் சரியல்ல. 2023இல் மட்டும் டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்களை வழங்கியது. 200 மணி நேரம் பறந்து, வீட்டை அடமானம் வைத்து உரிமம் வாங்கிய பிள்ளைகள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். தட்டுப்பாடு கேப்டன்களுக்கு. அவர்களுக்கான உரிமத்துக்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த அனுபவத்தைத் தருவது பெரும்பாலும் சிறு நிறுவனங்கள், அறுவடை செய்வது பெரிய நிறுவனங்கள். இதைத் தடுக்கத்தான் 2017இல் கேப்டனுக்கு ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம் என்று நோட்டீஸ் காலம் வைத்தார்கள். 2023இல் ஆகாசா ஏரிலிருந்து 43 விமானிகள் அதையும் மீறிப் போனார்கள். கயிறு கட்டி ஆளை நிறுத்த முடியாது. அமெரிக்காவில் இதே நிலை வந்தபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் 2022இல் விமானிகளின் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தின.

ஓய்வு விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் போயிற்று என்பவர்களுக்கு மங்களூரு நினைவிருக்க வேண்டும். 2010 மே 22இல் 158 பேர் இறந்த அந்த விபத்தில், கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கி எழுந்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. அப்படியிருந்தும் 2025 டிசம்பரில் அரசு முதலில் செய்தது, இண்டிகோவுக்கு இரவுப் பணி விதியில் 2026 பிப்ரவரி 10வரை விலக்கு அளித்ததுதான். பிறகுதான் அதன் அட்டவணையில் பத்து சதவீதத்தை வெட்டியது. வெட்ட முடிந்ததை அக்டோபரிலேயே கொடுக்காமல் இருந்திருக்கலாமே!

கூடுதல் ஆள் வைத்தால் கட்டணம் ஏறும் என்பது நியாயமான வாதம், ஏறத்தான் செய்யும். ஆனால் ரத்தான நாட்களில் மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறி, டிசம்பர் 6ஆம் தேதி அரசே உச்சவரம்பு வைக்க நேர்ந்தது. கெடுபிடி செய்தால் சிறு ஊர்களுக்கு வரும் ஒன்றிரண்டு விமானமும் நின்றுவிடும் என்பது இன்னும் கனமான வாதம். 2021இல் ட்ரூஜெட் நிறுவனத்தின் சேவை நின்றபின் இரண்டாண்டுக்கு மேல் சேலத்துக்குப் பயணிகள் விமானமே வரவில்லை. அங்கே ஆளைவிடப் பணமே பிரச்சினை என்பதும் உண்மை. ஆனால் சிறு ஊர்களை இணைக்கும் அரசின் உடான் திட்ட வழித்தடங்களில் நிறுவனத்தின் நட்டத்தை ஈடுகட்டப் பணம் தரப்படுகிறது. அதில் ஒரு பங்கை ஏடிஆர் விமானிகளின் பயிற்சிக்கென்று ஒதுக்கச் சொல்லும் உரிமை அரசுக்கு இருக்கிறது.

அட்டவணைக்கு ஆண்டில் இரண்டு முறை, மார்ச் இறுதிக்கும் அக்டோபர் இறுதிக்குமாக அனுமதி தரப்படுகிறது. அடுத்த முறை கையெழுத்திடும் முன், எந்த ரக விமானத்துக்கு எத்தனை கேப்டன்கள், எந்த ஊரில் எத்தனை ஸ்டாண்ட்பை என்ற கணக்கை டிஜிசிஏ வாங்க வேண்டும். அதை மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும்.