காபி மாஸ்டரும் பயனர்தான்

இடைமுக வடிவமைப்பு படிக்கிற மாணவர்களிடம் "சொந்தமா ஒரு ஆப் வடிவமைச்சு, சோதிச்சு, அறிக்கை எழுதிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். வகுப்புக்கு ஒருவராவது காபி ஆர்டர் செய்யும் செயலியோடு வந்து நிற்பார். காரணம் புரிகிறது. காபி எல்லோருக்கும் தெரியும், பட்டியல் சின்னது, படம் அழகாக வரும். பழுப்பும் பால் நிறமும் கலந்த வண்ணத் தொகுப்பு தானாகவே அமைந்துவிடும். பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் நான், கல்லூரிகளுக்கு மதிப்பீட்டாளனாகப் போகும்போது இந்த அறிக்கைகளைப் படிக்கிறேன். நிறுவனங்களுக்கு வேலை செய்யும்போது இவற்றின் பெரிய பதிப்புகளைப் படிக்கிறேன். இரண்டிலும் முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம் இருக்கும்: "இது பயனரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு."

அந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மையில்லை என்பதுதான் என் வாதம். ஒரு காபி உருவாகி ஒருவர் கைக்கு வந்து சேர்வதில் பலருக்குப் பங்கு உண்டு. அவர்களில் கையில் போனும் கணக்கில் பணமும் வைத்திருக்கும் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து, அவருக்குப் 'பயனர்' என்று பெயர் சூட்டுகிறோம். மற்ற எல்லோரையும் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். பிறகு அந்த ஒருவரிடம் "திருப்தியா?" என்று கேட்கிறோம். அவர் தலையாட்டியதும் வெற்றி என்று எழுதிக்கொள்கிறோம்.

மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் வகுப்புத் தோழர்கள், அல்லது அலுவலகத்தில் அடுத்த மாடியில் இருப்பவர்கள். ஏன் ஐந்து? ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும், பிரச்சினைகளில் பெரும்பகுதி அதிலேயே தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே கட்டுரையில், பயனர்கள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலிருந்தும் தனியாக ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை மேற்கோள் காட்டிய மாணவர் அறிக்கை ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

கூப்பிட்ட ஐந்து பேரிடம் "சர்க்கரை குறைவாக ஒரு காபி ஆர்டர் செய்யுங்கள்" என்பார்கள். எத்தனை விநாடி ஆனது, எத்தனை இடத்தில் தடுமாறினார் என்று குறிப்பார்கள். கடைசியில் சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் என்ற பத்துக் கேள்விப் படிவத்தைக் கொடுப்பார்கள். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது அது. அவசரத்துக்கு உதவும் கரடுமுரடான அளவுகோல் என்று தன் கட்டுரைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டுதான் அதை 1996இல் வெளியிட்டார். நூற்றுக்கு 68 என்பதைச் சராசரியாக எடுத்துக்கொள்வது வழக்கம். அதைத் தாண்டிவிட்டால் அறிக்கையில் பச்சை வண்ணம் வந்துவிடும்.

இந்தக் கருவிகளில் எனக்குக் குறை இல்லை. அவற்றை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் குறை. சோதனை எந்தத் திரையோடு முடிகிறது? "உங்கள் ஆர்டர் உறுதியானது" என்ற திரையோடு. பச்சை டிக், கொஞ்சம் வண்ணக் காகிதம் பறக்கும் அனிமேஷன், கைதட்டல். சரி, காபி எங்கே? பால் இன்னும் அடுப்பில்கூட ஏறவில்லை. சமையல் போட்டியில் இலை போட்ட அழகுக்குப் பரிசு கொடுத்துவிட்டு எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போகிற மாதிரிதான் இது.

எங்கள் பகுதியில் விடியற்காலையில் திறக்கும் காபிக் கடை ஒன்று உண்டு. கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்கி, மாஸ்டரிடம் நீட்டி, "ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மியா" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் டபராவும் டம்ளரும் கைக்கு வரும். அங்கே இப்போது ஒரு டெலிவரி நிறுவனத்தின் டேப்லெட்டும் இருக்கிறது. காலை ஏழரை மணிக்கு டோக்கனோடு ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். மாஸ்டரின் ஒரு கையில் டிகாஷன், மறு கையில் பால் குவளை. அந்த நேரம் பார்த்து டேப்லெட் அலறும். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அமுக்கும்வரை அலறல் நிற்காது. குறித்த நேரத்துக்குள் அமுக்காவிட்டால் ஆர்டர் ரத்தாகும், கடையின் மதிப்பெண் குறையும். மாஸ்டரின் கையோ பாலும் ஆவியும் பட்ட ஈரக் கை. ஈர விரலைத் தொடுதிரை சரியாக உணராது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அவர் தோளில் கிடக்கும் துண்டில் கையைத் துடைத்து, அமுக்கி, மறுபடி துடைத்து, மறுபடி அமுக்கிவிட்டுத் திரும்புவதற்குள் எந்த டம்ளரில் சர்க்கரை போட்டார் என்பது மறந்து போயிருக்கும்.

"எப்படி மாஸ்டர் இருக்கு இந்த மெஷின்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாத்தான் சார் இருக்கு. கத்துறதுக்குன்னே சம்பளம் குடுத்து வச்ச மாதிரி" என்றார். பிறகு, "ஆளப் பாத்தா எவ்ளோ ஸ்ட்ராங்னு கைக்கே தெரியும் சார். இதுல நம்பர்தான் வருது. நம்பருக்கு எப்படி காபி போடறது?" என்றார்.

அந்தப் பொத்தானை வரைந்தவர் ஈரக் கையோடு ஒருமுறையாவது அதை அமுக்கிப் பார்த்திருப்பாரா? வாடிக்கையாளர் பக்கத் திரைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கக் கூட்டம் மேல் கூட்டம் நடக்கும். மாஸ்டர் பக்கத் திரைக்கு ஒரு சைரன் ஒலியைப் போட்டு முடித்துக்கொள்வார்கள். 'அமைப்பின் நிலை பயனருக்குத் தெரிய வேண்டும்' என்பது நீல்சனின் பத்து விதிகளில் முதலாவது. அதன்படி வாடிக்கையாளருக்கு "தயாராகிறது" என்று ஓடும் கோடு காட்டுகிறோம். கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், இப்போது ஆர்டர் போட்டால் பதினைந்து நிமிடம் ஆகும் என்ற நிலையை யாருக்கும் காட்டுவதில்லை. காட்டினால் சிலர் ஆர்டர் போடாமல் விட்டுவிடுவார்களே.

ஃபில்டர் காபி, ஆற்றிக் கொடுத்த இடத்திலேயே நுரை அடங்குவதற்குள் குடித்து முடிக்க வேண்டிய பண்டம். அதைப் பேப்பர் கப்பில் ஊற்றி மூடி, டெலிவரி தம்பி வரும்வரை மேடையில் வைத்து, போக்குவரத்து நெரிசலில் அனுப்பினால் ஆறித்தான் போகும். "காபி ஆறிப்போச்சு" என்று ஒற்றை நட்சத்திரம் விழும். அந்த நட்சத்திரம் செயலியின் கணக்கில் விழாது, கடையின் கணக்கில்தான் விழும். வடிவமைப்பின் தவறுக்குக் கடைக்காரர் தண்டம் கட்டுகிறார்.

இது ஏதோ நம்மூர்ச் சின்னக் கடையின் சங்கடம் என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் மிகப் பெரிய காபிக் கடைத் தொடரான ஸ்டார்பக்ஸ், முன்கூட்டியே ஆர்டர் செய்யும் வசதியை 2014 டிசம்பரில் போர்ட்லாந்தில் தொடங்கி, 2015 செப்டம்பரில் அமெரிக்கா முழுவதும் கொண்டுவந்தது. திரையளவில் அது பெரிய வெற்றி. 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. செயலி வழி ஆர்டர்கள் குவிந்து, வாங்கிப் போகிற மேடையில் கூட்டம் மண்டியதால், நேரில் வந்தவர்கள் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த நிறுவனத்தை வளர்த்தெடுத்த ஹோவர்ட் ஷுல்ட்ஸே 2024இல் ஒரு நேர்காணலில், செயலிதான் இன்று நிறுவனத்தின் பெரும் பலவீனம் என்ற பொருளில் பேசினார். எந்த ஆர்டரை எப்போது போடுவது என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருளைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது 2025இல்தான். வசதி வந்து பத்து வருடம் கழித்து, காபி போடுகிறவர் பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

திரை மறந்துபோன இன்னொருவரும் இருக்கிறார். பெங்களூரு தர்ஷினிகளில் 'பை டூ' என்று கேட்பார்கள். ஒரு காபி, இரண்டு டம்ளர். சென்னையிலும் 'ஒன் பை டூ' கேட்கிறவர்கள் உண்டு. காசு குறைவு என்பதற்காகவும் இருக்கலாம். மருத்துவர் அளவாகக் குடிக்கச் சொன்னதும் இருக்கலாம். பேச ஒரு சாக்கு வேண்டும் என்பதாகவும் இருக்கலாம். எந்தச் செயலியிலாவது 'பை டூ' பொத்தானைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஓட்ஸ் பால் இருக்கும், வனிலா சிரப் இருக்கும், சர்க்கரை 25, 50, 75 சதவீதம் என்று இருக்கும். பகிர்ந்துகொள்வது மட்டும் இருக்காது. 'தேவைகளைக் கேட்டறிந்தோம்' என்று எழுதுகிற அறிக்கை, காசு கூடும் தேவைகளை மட்டும்தான் கேட்டிருக்கிறது.

இதற்கு வரும் நியாயமான மறுப்பையும் சொல்ல வேண்டும். காது கேளாத ஒருவருக்கு, பேச்சு திக்கும் ஒருவருக்கு, கூட்டத்தில் கையை நீட்டி "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிடக் கூச்சப்படும் பெண்ணுக்கு இந்தச் செயலி ஒரு விடுதலை. விலை முன்கூட்டியே தெரிகிறது. ஆளைப் பார்த்து மரியாதை கூடுவதும் குறைவதும் இல்லை. மாஸ்டர் முகத்தைப் பார்த்துக் காபி போடுகிறார் என்று நான் சிலாகிக்கிறேனே, சிலருடைய முகத்தைப் பார்த்துத் தனி டம்ளர் எடுத்துவைத்த கடைகளும் இந்த மண்ணில்தான் இருந்தன. நம்பருக்குச் சாதி தெரியாது. இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதுவும் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. அந்த ஐந்து பேரில் காது கேளாதவர் எத்தனை பேர்? தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? அறுபது வயதைத் தாண்டியவர்? மேஜையில் கியூஆர் அட்டையை மட்டும் ஒட்டிவிட்டு, மெனு கேட்கிற பெரியவரிடம் "ஸ்கேன் பண்ணிக்கோங்க" என்று சொல்லும் கடைகள் பெருகிவருகின்றன. யாருடைய பெயரைச் சொல்லி இந்த வசதியை நியாயப்படுத்துகிறோமோ, அவர்களைச் சோதனைக்குக் கூப்பிடுவதில்லை.

சரி, மையத்தில் உட்கார வைத்த அந்த ஒருவரையாவது ஒழுங்காக நடத்துகிறோமா? கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் காபிச் செயலியை அந்நாட்டின் தனியுரிமை ஆணையர்கள் விசாரித்து 2022 ஜூனில் அறிக்கை வெளியிட்டார்கள். செயலியைத் திறக்காத நேரத்திலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது பயனரின் இருப்பிடத்தைப் பதிவு செய்துவந்தது. வீடு எது, அலுவலகம் எது, போட்டிக் கடைக்கு எப்போது போனார் என்பதெல்லாம் அதில் ஊகிக்கப்பட்டது. புரூக்கின் பத்துக் கேள்விகளில் எதுவும் இதைக் கண்டுபிடித்திருக்காது. பயன்படுத்த எளிதாக இருந்ததா? இருந்தது. மறுபடி பயன்படுத்துவீர்களா? கட்டாயம். நூற்றுக்கு 80 வாங்கிக்கொண்டே ஒருவரை வேவு பார்க்கலாம். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஏமாற்று வடிவமைப்புகள் பதின்மூன்றைப் பட்டியலிட்டு விதிமுறை வெளியிட்டது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசித் திரையில் விலையை ஏற்றுவது எல்லாம் அதில் உண்டு. இவற்றை வானத்திலிருந்து யாரும் கொண்டுவந்து போடவில்லை. நம்மைப் போன்ற வடிவமைப்பாளர்கள் வரைந்து, சோதித்து, தேர்ச்சி கொடுத்தவை.

கோட்பாட்டில் இதற்கெல்லாம் விடை இல்லாமல் இல்லை. 'பயனர் மையம்' என்ற கருத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் டொனால்ட் நார்மன். பிடியும் மூக்கும் ஒரே பக்கம் வைத்த காபிக் குடுவையின் படத்தை அட்டையில் போட்ட அவர் புத்தகம் 1988இல் வந்தது. அவரே 2005இல், தனி மனிதரை மட்டும் பார்க்கும் வடிவமைப்பு தீங்காகலாம், செயல்பாடு முழுவதையும் பாருங்கள் என்று எழுதினார். ஐஎஸ்ஓ 9241-210 தரநிலை 2010இல் வந்தபோது 'பயனர் மையம்' என்பதற்குப் பதில் 'மனித மையம்' என்ற சொல்லைத் தேர்ந்தது. வழக்கமாகப் பயனராகக் கருதப்படாதவர்களும் பாதிக்கப்படுவார்கள் என்பதே அது சொன்ன காரணம். நாம்தான் அட்டையை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சோதனையின் கடிகாரம் பச்சை டிக்கோடு நிற்கக் கூடாது, முதல் வாய் காபியோடு நிற்கட்டும். அந்த வாய் சூடாக இருந்ததா என்று கேளுங்கள். ஐந்து பேரை ஒரே வார்ப்பில் எடுக்காமல் ஒரு மாஸ்டர், ஒரு டெலிவரி தொழிலாளி, டோக்கனோடு வரிசையில் நிற்கும் ஒருவர், போன் இல்லாத ஒருவர் என்று பிரித்து எடுங்கள். சோதனையை ஏசி அறையில் வைக்காமல் காலை ஏழரைக்குக் கடையில் வையுங்கள். மேடையில் கூட்டம் என்றால் ஆர்டரை நிறுத்திவைக்கும் அதிகாரம் மாஸ்டருக்கு வேண்டும்; முழங்கையால் தட்டினாலும் வேலை செய்கிற மாதிரி ஒரு பெரிய பொத்தான் போதும். ஆறிப்போன காபிக்கு யார் பொறுப்பு என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

இதையெல்லாம் செய்தால் பதினைந்து பக்க அறிக்கை முப்பது பக்கமாகும், மதிப்பெண் 80இலிருந்து 50க்கு இறங்கும். இறங்கட்டும். அந்த 50 உண்மையான 50. அடுத்த முறை என் மேஜைக்கு வரும் அறிக்கையில் நான் முதலில் பங்கேற்பாளர் பட்டியலைத்தான் திறப்பேன். அதில் மாஸ்டர் யாரும் இல்லையென்றால் முதல் பக்கத்து வாக்கியத்தை அடித்துவிட்டு, 'பணம் செலுத்துபவரை மையமாகக் கொண்ட விற்பனைத் திரை' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். விற்பனைத் திரை வரைவது குற்றமில்லை, அதுவும் ஒரு தொழில்தான். அதன் பெயரைச் சொல்லி வரையலாமே.