சட்டகம் வெட்டப்பட்ட முகங்கள்

19ஆம் நூற்றாண்டு இத்தாலிய உருவப்படங்களைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேசும்போது, பெரும்பாலும் பாதிப் பொருளைப் பற்றியே பேசுகிறோம். திரையில் முகம் தெரிகிறது. அதைச் சூழ்ந்திருந்த சட்டகம் வெட்டப்பட்டிருக்கிறது. அருங்காட்சியகப் பட்டியல்களும் பொதுவாக ஓவியத்துணியின் அளவையே தருகின்றன. சட்டகத்தைச் செதுக்கியவர் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது. இதைச் சிறு விடுபடல் எனக் கடந்துவிட முடியாது.

பிரான்செஸ்கோ ஹாயெஸ் 1841இல் தீட்டிய அலெசாந்த்ரோ மன்சோனியின் உருவப்படம் மிலான் நகரின் பிரேரா கலைக்கூடத்தில் உள்ளது. மன்சோனி அப்போது தம் புதினத்தைப் புளோரன்சு மக்களின் வாழும் மொழிக்கேற்பத் திருத்தி, 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். எனினும் படத்தில் அவர் கையில் நூலும் இல்லை, எழுதுகோலும் இல்லை. மூக்குப்பொடிச் சிமிழ் மட்டுமே உண்டு. இத்தகைய அடக்கமான படங்களையும் பொன் பூசிய சட்டகத்தில் மாட்டுவதே அக்கால வழக்கம். எளிமையும் பகட்டும் அருகருகே நின்று பொருள் தந்தன. ஒன்றை நீக்கினால் மற்றதன் பொருளும் மாறிவிடும்.

அப்பகட்டுக்குப் பின்னால் உழைப்பு இருந்தது. மரத்தைச் செதுக்கி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சைப் பல அடுக்குகளாக இட்டு, செம்மண் தடவி, தங்க ரேக்கு ஒட்டி, அகேட் கல்லால் மெருகேற்றினர். அந்நூற்றாண்டில் அச்சில் அழுத்தி வார்த்த மலிவான அலங்காரங்களும் பரவின. எனவே செதுக்கியதா, வார்த்ததா என்பது, அதை வாங்கியவரின் வசதியையும் ஆசையையும் காட்டும் சான்றாகும்.

‘பல சட்டகங்கள் பின்னாளில் மாற்றப்பட்டவை, அவை ஓவியரின் நோக்கத்தைக் காட்டா’ என்பர் சிலர். உண்மைதான். ஆனால் ஒரு நூலுக்குப் பிற்காலத்தில் எழுந்த உரையை நாம் ஒதுக்குவதில்லை. காலத்தைக் குறித்துக்கொண்டு பயில்கிறோம். மாற்றப்பட்ட சட்டகமும் ஓர் உரையே. வணிகரும் சேகரிப்பாளரும் காட்சியகமும் அப்படத்தை எவ்வாறு வாசித்தனர் என்பதை அது சொல்கிறது.

இத்தாலிய மொழியில் ‘கோர்னீச்சே’ என்னும் சொல் படச்சட்டகத்தையும் குறிக்கும். பொக்காச்சியோவின் ‘தெக்காமெரோன்’ போன்ற தொகுப்புகளில் கதைகளைச் சூழும் கதையையும் குறிக்கும். அச்சூழ்கதையை நீக்கிவிட்டு அந்நூலைக் கற்பிக்க எந்த ஆசிரியரும் துணியார். ‘கோட்பாட்டுச் சட்டகம்’ என்று ஆய்வேடுதோறும் எழுதும் நாம், கண்ணெதிரே உள்ள மரச்சட்டகத்தைக் காணாதிருப்பது முரண். இனி ஓர் உருவப்படத்தை ஆராயும் மாணவர், சட்டகத்தோடு கூடிய ஒளிப்படத்தையும் பின்புறப் படத்தையும் காட்சியகத்திடம் கேட்டுப் பெறட்டும். ஆய்வேட்டில் சட்டகத்துக்கென இரண்டு வரிகளேனும் எழுதட்டும். நெறியாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.