சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது?



பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நம் வீடுகளில் எல்லோரும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ‘சர்நேம்’ என்ற கட்டம்தான் அது. நம் பெயரை ‘கிவன் நேம்’ கட்டத்தில் எழுதிவிடலாம். சர்நேமுக்கு எங்கே போவது? அப்பா பெயரை எழுதுவதா, தாத்தா பெயரையா, ஊர்ப் பெயரையா?

இதற்குப் பதில் தேட உங்களைச் செஞ்சிக்கு அழைத்துப் போகிறேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் வரலாற்றோடு தொடர்புள்ள 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி. சிவாஜி 1677-இல் பிடித்த கோட்டை அது. ஆனால் பிள்ளைகளோடு அங்குள்ள ராஜகிரி மலை ஏறும் எந்தக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் சொல்லும் பெயர் தேசிங்கு ராஜாவாகத்தான் இருக்கும்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? தேசிங்கின் குடும்பம் புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பம். தந்தை ஸ்வரூப் சிங், முகலாயர் காலத்தில் செஞ்சிக் கோட்டையின் பொறுப்பை ஏற்றவர். மகனுக்கு அவர்கள் வைத்த பெயர் தேஜ் சிங். தேஜ் என்றால் ஒளி, சிங் என்றால் சிங்கம். நம் ஜனங்கள் வாயில் அந்தத் தேஜ் சிங்தான் தேசிங்கு ஆனார்.

வடக்கே தலைமுறை தலைமுறையாகக் கூடவே வரும் ‘சிங்’, செஞ்சிக்கு வந்ததும் தனியாக நிற்கவில்லை. பெயரோடு கலந்து, கடைசியில் ஓர் உகரத்தையும் வாங்கிக்கொண்டு தமிழ்ப் பெயராகவே ஆகிவிட்டது.

அவர் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பப் பாக்கியைக் கட்ட மறுத்து, 1714-இல் சிறு படையோடு போருக்குப் போய் உயிர்விட்டார். அப்போது அவருக்கு வயது 22 இருக்கலாம் என்கிறார்கள். அவரோடு நின்று உயிர்விட்ட நண்பர் மஹபத் கான் ஒரு முஸ்லிம். கல்யாணக் கோலத்தில் இருந்த அந்த நண்பர், செய்தி கேட்டதும் அப்படியே போர்க்களத்துக்கு வந்தார் என்று தேசிங்கு பற்றிய கதைப்பாடல் சொல்கிறது. நீலவேணி என்ற குதிரைக்கும் அந்தப் பாட்டில் இடம் உண்டு. தேசிங்கோடு உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

எத்தனையோ அரசர்கள் நம் மண்ணை நீண்ட காலம் ஆண்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் பெயரை நாம் பிள்ளைகளுக்கு வைக்கிறோம்? சில மாதங்களே ஆண்ட, வேற்று மொழி பேசிய ஓர் இளைஞரின் பெயரை வைத்தோம். தெருப்பாட்டிலும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்திலும் பரவிய அந்தப் பெயர், 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ படத்தில் திரைக்கும் வந்தது. தேசிங்கு, தேசிங்குராஜன் என்ற பெயர்கள் அபூர்வம்தான். ஆனாலும் வட மாவட்டங்களில் இன்றும் காதில் விழுகின்றன. அந்தப் பெயர்க்காரரிடம் ‘நீங்கள் எந்த ஊர் சிங்?’ என்று யாராவது கேட்பார்களா? அவர் நம்மவர், அவ்வளவுதான்.

அதே செஞ்சியில் இன்னொரு வழக்கத்தையும் பாருங்கள். மத்திய இணை அமைச்சராக இருந்தவர் செஞ்சி ராமச்சந்திரன். மாநில அமைச்சராக இருந்தவர் செஞ்சி மஸ்தான். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். இருவர் பெயருக்கும் முன்னால் நிற்பது ஒரே ஊர். ஊர், அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர் என்பது நாம் வழிவழியாகப் பழகிய முறை. இதில் என்ன குறை இருக்கிறது?

நம் பெயர்களின் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டியிருந்த காலமும் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. பெரியாரே தம் பெயரிலிருந்து அதை எடுத்தார். பிறகு லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்த வழியில் நடந்தன. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரைப் பார்த்ததுமே சாதி தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி! சர்நேம் கட்டம் காலியாக இருக்கிறதே என்று அந்தப் பட்டத்தைத் தேடி எடுத்து எழுதுவது நமக்கு வேண்டாம்.

சர்நேம் இல்லாமல் வாழ்வது நாம் மட்டுமல்ல. ஐஸ்லாந்தில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்றுதான் பெயரின் பின்பகுதி இருக்கும். அங்கே டெலிபோன் டைரக்டரியைக்கூட அவரவர் சொந்தப் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். சர்நேம் இருப்பவர்களுக்கும் தொல்லை வராமல் இல்லை. சிங், கவுர் என்ற பெயர்கள் மட்டும் சர்நேமாகப் போதாது, வேறொன்றைச் சேருங்கள் என்று கனடா குடியேற்றத் துறை பல ஆண்டுகள் சொல்லிவந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, 2007-இல்தான் அதைக் கைவிட்டது.

ஆனால் இதையெல்லாம் விமான நிலைய கவுன்ட்டரில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் பிறகுதான் வந்தது. வளைகுடா வேலையை நம்பியிருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கினால், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுக்குள்ளும் குழப்பம் வரும். கந்தசாமியின் மகன் முருகன், தன் சர்நேமாகக் கந்தசாமி என்று எழுதியிருப்பார். முருகனின் மகள் சர்நேம் முருகன் என்று இருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று சர்நேம்! நமக்கு இது இயல்பு. வெளிநாட்டுப் பள்ளியில் இவர்கள் ஒரே குடும்பம்தானா என்று கேட்கத்தான் செய்வார்கள்.

அதனால் இந்த முடிவைக் கடைசி நிமிடத்தில், இன்டர்நெட் சென்டரில் டைப் செய்பவரிடம் விட்டுவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். பிறப்பைப் பதிவு செய்த பிறகு, குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரைகூட முடியும். யோசிக்க நேரம் இருக்கிறது. யோசித்து முடித்துவிட்டால், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுதுங்கள். பின்னால் வரும் பாதி அலைச்சல் அதிலேயே குறைந்துவிடும்.

அப்பா பெயர்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தனியாக நின்று வளர்க்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! குழந்தையின் சர்நேமை முடிவு செய்யும் உரிமை, இயற்கைப் பாதுகாவலரான தாய்க்கு உண்டு என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அம்மா பெயரோ ஊர்ப் பெயரோ சர்நேமாக வந்தால் யார் என்ன சொல்ல முடியும்? ‘செஞ்சி’ என்ற சர்நேமோடு ஒரு பெண் டொரன்டோவில் படித்தால், அவளுடைய ஊருக்கு அதைவிடப் பெருமை வேறு உண்டா?

எதை எழுதினாலும், ஏன் எழுதினோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தாத்தாவின் பெயரைத் தாங்கும் பேரனுக்குத் தாத்தா என்ன தொழில் செய்தார் என்று தெரிய வேண்டாமா? ஊர்ப் பெயரைச் சுமக்கும் பேத்தி அந்த ஊரை ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? தேஜ் சிங் தேசிங்காக நம்மோடு 300 ஆண்டுகள் வாழ்வது அரசாங்கப் பதிவேட்டால் இல்லை. அவர் கதையை யாரோ ஒருவர் பாடினார், இன்னொருவர் கேட்டுத் தன் பிள்ளைக்குச் சொன்னார். அதனால்தான்.

இந்த விடுமுறையில் செஞ்சிக்குப் போகும் திட்டம் இருந்தால் காலையிலேயே ராஜகிரி ஏறிவிடுங்கள், வெயில் கடுமையாக இருக்கும். இல்லையென்றால் வீட்டிலேயே உட்கார்ந்து, குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரும் எப்படி வந்தது என்று பெரியவர்களைச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுப் பெயர்களின் கதையை எங்களுக்கும் எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்