பெட்டியைத் திறந்து காட்டிட்டு காசு கேளுங்க

வீட்டுக் கடன் வட்டியைப் பற்றி எழுதறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். அது எங்கேயும் ஓடிப் போகாது. இந்த வாரம் பொம்மை. ஆமாம், பொம்மைதான். நாற்பத்தஞ்சு வயசு வங்கி அதிகாரி பொம்மையைப் பற்றி எழுதறானேன்னு சிரிச்சிடாதீங்க. விஷயம் பொம்மை இல்லை, காசு.

விருத்தாசலத்தை விட்டு வந்து இருபது வருஷம் ஆச்சு. போபால், லக்னோ சுற்றிவிட்டு இப்போது புனே. பையனுக்குப் பதினாறு வயசு. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்துவிட்டு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஐந்து பையன்கள், கட்டம் போட்ட ஒரு தாள், இருபது முகம் உள்ள பகடை. ஒரு அங்குலக் கட்டம் என்றால் அந்த உலகத்தில் ஐந்து அடி. அதன்மேல் நிற்க வைக்கக் கட்டை விரல் உயரத்தில் குட்டிக் குட்டி உருவங்கள். அதற்குப் பேர் மினியேச்சர். மொபைலைத் தொடாமல் நாலு மணி நேரம் பேசிச் சிரிக்கிறார்களே என்று எனக்கும் சந்தோஷம்தான்.

இந்த மினியேச்சரில் இரண்டு ரகம். ஒன்று, தொழிற்சாலையிலேயே பெயிண்ட் அடித்து, மூடிய பெட்டியில் வருவது. உள்ளே என்ன இருக்கு என்று உடைத்தால்தான் தெரியும். இன்னொன்று, பெயிண்ட் அடிக்காத சாம்பல் நிற உருவம். கண்ணால் பார்த்து வாங்கலாம், வண்ணம் நாமே பூசணும்.

பையனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு உருவம். 'மைண்ட் ஃப்ளேயர்' என்று ஒரு வில்லன், முகத்தில் ஆக்டோபஸ் மாதிரி நாலு கை தொங்கும். ("பிள்ளையாருக்கு எதுக்குடா நாலு தும்பிக்கை?" என்றாள் என் மனைவி.) அந்த ஒன்றுக்காக, தீபாவளிக்கு மாமாவும் பாட்டியும் கொடுத்த பணத்தில் ஏழு பெட்டி வாங்கியிருக்கிறான். பெட்டிக்கு நாலு உருவம். மொத்தம் 28 உருவம், 13,300 ரூபாய். ஐந்து ஓநாய் வந்தது. மைண்ட் ஃப்ளேயர் வரவே இல்லை.

"அடுத்த பெட்டில கண்டிப்பா வரும்ப்பா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாக்கியத்தை நான் சின்ன வயசிலேயே கேட்டிருக்கிறேன். அப்பா சொசைட்டியில் குமாஸ்தா. சம்பளம் வந்த அன்றைக்கு லாட்டரிச் சீட்டு வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டார். "ஒரு நம்பர்ல போச்சுடா, அடுத்த மாசம் விழுந்திரும்" என்பார். அவர் போன பிறகு பீரோவைத் திறந்தால், ரப்பர் பேண்ட் போட்ட சீட்டுக் கட்டுகள், வருஷ வாரியாக. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் போட்டாள். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். எங்கள் வீட்டுக்கு அது ரொம்ப லேட்.

அதனால்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பி.காம் படித்ததற்கு இந்த உபயோகமாவது இருக்கட்டுமே. வாதத்துக்காக ஒரு வரிசையில் 40 உருவம், எல்லாமே சம அளவில் வருகிறது என்று வையுங்கள். குறிப்பிட்ட ஒன்று கிடைக்கச் சராசரியாக 40 உருவம் வாங்கணும், அதாவது 10 பெட்டி, 19,000 ரூபாய். சரி, பத்து பெட்டி வாங்கியாச்சு, கட்டாயம் கிடைக்குமா? கிடைக்காமல் போக நூற்றுக்கு 36 வாய்ப்பு இருக்கிறது! இதுவும் எல்லாம் சமமாக வந்தால்தான். நிஜத்தில் அபூர்வம், சாதாரணம் என்று தரம் பிரித்து வைத்திருப்பார்கள். வேண்டியது அபூர்வ வகையில் இருந்தால் கணக்கு இன்னும் மோசம். அப்புறம் முக்கியமான விஷயம்: ஏழு பெட்டி ஏமாந்தோம் என்பது எட்டாவது பெட்டிக்குத் தெரியாது. அதற்கு ஞாபகசக்தி கிடையாது. ஞாபகம் இருப்பது நமக்குத்தான், அதை வைத்துத்தான் நம்மை மாட்டவைக்கிறார்கள்.

இந்த வியாபாரம் புதுசும் இல்லை. 1993-ல் 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டாட்டம் மூடிய பொட்டலத்தில் வந்தது. 2000-ல் விஸ்கிட்ஸ் நிறுவனம் 'மேஜ் நைட்' மூலம் அதே வித்தையைப் பொம்மைக்குக் கொண்டுவந்தது. 2003-ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கே வந்துவிட்டது. முதல் வரிசையில் 80 உருவம். பெட்டிக்கு எட்டு, அதில் அபூர்வமானது ஒன்றே ஒன்று. 2011-ல் அந்த வரிசை நின்றது. 2014-ல் வேறு பெயரில், விஸ்கிட்ஸ் தயாரிப்பாக, மூடிய பெட்டி திரும்ப வந்தது.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை.

ஒன்று, "80 உருவத்தையும் தனித்தனியாகக் கடையில் வைத்தால் பாதி விற்காது. கலந்து விற்றால்தான் விலை கட்டுப்படியாகும்." நிஜம்தான். ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? விற்காத சரக்கின் நஷ்டத்தை என் பையன் தலையில் கட்டுகிறார்கள் என்றுதானே? ஸ்டாக் தேங்கும் ரிஸ்க் வியாபாரியுடையது. அதை வாடிக்கையாளர் பக்கம் தள்ளிவிட்டு அதற்கு 'சஸ்பென்ஸ்' என்று பேர் வைத்தால் எப்படி?

இரண்டு, "எங்களுக்குப் பெயிண்ட் அடிக்க நேரமில்லை." ரொம்பச் சரி. வேலைக்குப் போய் வருகிற மனுஷனுக்கு ராத்திரி பத்து மணிக்கு பிரஷ் பிடிக்க முடியாது. பெயிண்ட் அடித்ததை வாங்குங்கள், தப்பே இல்லை. பெயிண்ட் அடித்து, உள்ளே என்ன என்று காட்டி விற்பதும் நடக்கிறது. என் சண்டை பெயிண்டோடு இல்லை, மூடியோடு.

மூன்று, "சின்னப் பசங்க சந்தோஷம், இதைப் போய் சூதாட்டம்னு சொல்றீங்களே." 2018-ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில வீடியோ கேம்களில் காசு கொடுத்து வாங்கும் 'லூட் பாக்ஸ்' சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொன்னது. பொம்மைப் பெட்டி சட்டப்படி அது இல்லாமல் இருக்கலாம். பழக்கம் அதேதான். எங்கள் தொழிலில், 2024 அக்டோபரிலிருந்து ஒரு சாதாரண தனிநபர் கடனுக்குக்கூட எல்லாச் செலவையும் சேர்த்து 'முக்கிய விவர அறிக்கை' கையில் கொடுத்தாகணும். ஐம்பது வயசு ஆசாமிக்கு அந்தப் பாதுகாப்பு, பதினாறு வயசுப் பையனுக்கு மூடிய அட்டைப்பெட்டி!

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பெயிண்ட் அடிக்காத ரகத்துக்கு மாறினோம். 2017-லிருந்து அதே விளையாட்டுக்கு ப்ரைமர் பூசியே, உள்ளிருப்பது வெளியே தெரிகிற பாக்கெட்டில் வருகிறது. ரெண்டு உருவம் 550 ரூபாய். ஸ்டேஷனரி கடையில் ஆறு அக்ரிலிக் வண்ணம், ரெண்டு மெல்லிய பிரஷ், 700-க்குள் முடிந்தது. பெயிண்டைத் தண்ணீர் விட்டு நீர்க்கப் பண்ணி ரெண்டு கோட் அடிக்கணும், ஒரே கோட்டில் அப்பினால் முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும். காய்ந்த பிறகு கரும்பழுப்பைக் கஷாயம் மாதிரி கரைத்து மேலே விட்டால் பள்ளங்களில் தங்கி நிழல் தானே விழுகிறது. முதல் உருவம் கண்றாவியாக வந்தது, ஒத்துக்கொள்கிறேன் :-) நாலாவதில் கண் கண்ணாகத் தெரிந்தது. இப்போது சனிக்கிழமை ராத்திரி நானும் அவனும் ஒரே விளக்குக்கு அடியில் உட்காருகிறோம். மாற்றல், ஆடிட் என்று அலைந்த இத்தனை வருஷத்தில் அவனோடு இவ்வளவு நேரம் நான் பேசினதில்லை.

யோசித்துப் பாருங்கள், கொலு பொம்மையை யாராவது மூடிய பெட்டியில் வாங்குவோமா? மூக்கு சரியா, கை உடைந்திருக்கா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, பேரம் பேசி, பேப்பரில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்து இவ்வளவு தூரம் கொண்டு வந்தவர்கள்தானே நாம்? பொம்மை வாங்கத் தெரிந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டோம்?

உங்கள் வீட்டில் மினியேச்சர் இல்லாமல் இருக்கலாம். கிரிக்கெட் கார்டு இருக்கும், 'லபுபு' இருக்கும். எதுவானாலும் ஒரு தடவை பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, திட்டாமல், இதுவரை எத்தனை பெட்டி, எவ்வளவு ரூபாய், வேண்டியது எத்தனை கிடைத்தது என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். நான் எழுதச் சொன்னேன். மூன்றாவது வரியில் பூஜ்யம் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரிப்பா, எட்டாவது வேண்டாம்" என்றான்.

அப்பாவிடம் அந்த மூன்று வரியை எழுதச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.