ராணுவத்தின் கௌரவமும் குப்பைக் கூடைக் காகிதமும்

ராணுவம் தப்பு செய்துவிட்டது என்று சொன்னால் தேசத் துரோகம், செய்த தப்பை மூடி மறைத்தால் தேசபக்தி என்று பேசித் திரிகின்ற கூட்டம் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களோடு வாதாடிக் கொண்டிருப்பதைவிட, பிரெஞ்சு ராணுவத்தின் உளவு இலாகாவுக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் பிக்கார் என்பவருடைய சரித்திரத்தை எடுத்துச் சொல்வதே மேலென்று நினைக்கின்றோம்.

இந்தப் பிக்கார் ஒரு புரட்சிக்காரரல்ல. 1854இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் பிறந்து, ராணுவமே கதியென்று வளர்ந்து, மேலதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கிய மனிதர். யூதர்கள் என்றால் அவர் வகுப்பாருக்கு இருந்த வெறுப்பு அவருக்கும் இருந்தது. இதை வாசகர்கள் மனதில் வைத்துக் கொண்டு மேலே படிக்க வேண்டுகின்றோம்.

1894ஆம் வருஷம் பாரிசிலிருந்த ஜெர்மன் தூதர் ஆபீசில் கூட்டிப் பெருக்கும் ஒரு ஸ்திரீ, அங்குள்ள குப்பைக் கூடைக் காகிதங்களைப் பிரெஞ்சு உளவு இலாகாவுக்குக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அப்படி வந்த காகிதங்களில் ஒரு ஜாபிதா இருந்தது. ராணுவ இரகசியங்கள் இன்னின்னவற்றை அனுப்பியிருக்கிறேன் என்று யாரோ எழுதியது, கீழே கையெழுத்தில்லை. எழுதியவன் யார் என்று தேடினார்கள். தலைமை ஆபீசில் ஆல்பிரட் டிரேபஸ் என்ற காப்டன் ஒருவர் இருந்தார். அவர் யூதர். தேடல் அதோடு நின்றுவிட்டது.

கையெழுத்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே அபிப்பிராயம் சொல்லவில்லை. ஆனால் போலீசு இலாகாவைச் சேர்ந்த பெர்ட்டியோன் என்ற பெரிய நிபுணர் ஒரு வழி கண்டுபிடித்தார். எழுத்து ஒத்திருக்கிற இடமெல்லாம் டிரேபஸ் எழுதியதற்கு ருசுவாம். ஒத்திராத இடமெல்லாம், மாட்டிக் கொள்ளாமல் இருக்க அவரே மாற்றி எழுதியதற்கு ருசுவாம்! மழை பெய்தாலும் ஜோசியம் பலித்தது, பெய்யாவிட்டாலும் பலித்தது என்று சொல்லுகின்ற நம்மூர் ஜோசியன் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும். இதுவும் போதாதென்று, டிரேபஸுக்கும் அவருடைய வக்கீலுக்கும் தெரியாமல் ஒரு இரகசியக் கட்டை ராணுவ நீதிபதிகளிடம் கொடுத்தார்கள். 1894 டிசம்பரில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1895 ஜனவரி 5ந் தேதி பட்டாளத்தின் முன் நிறுத்தி அவருடைய சின்னங்களைப் பிய்த்தெறிந்து, கத்தியை முறித்தார்கள். பிறகு தென் அமெரிக்கக் கரையோரத்திலுள்ள பிசாசுத் தீவுக்கு அனுப்பினார்கள். விசாரணையைக் கூட இருந்து பார்த்து யுத்த மந்திரிக்குத் தகவல் சொல்லும் வேலை பிக்காருடையதே. டிரேபஸ் குற்றவாளி என்றே அவரும் நம்பினார்.

1895 ஜூலையில் பிக்கார் உளவு இலாகாவின் தலைவரானார். 1896 மார்ச்சு மாதத்தில் அதே குப்பைக் கூடையிலிருந்து ஒரு நீலக் காகிதம் சுக்கு நூறாகக் கிழிந்து வந்தது. ஒட்டிப் பார்த்தால் அது எஸ்டர்ஹாஸி என்ற மேஜருக்கு எழுதப்பட்ட கடிதம். இந்த எஸ்டர்ஹாஸி சூதாட்டமும் கடனுமாக வாழ்ந்த ஆசாமி. சில மாதம் கழித்து அவன் தனக்கு உத்தியோகம் கேட்டு எழுதிய கடிதங்கள் பிக்காரின் மேஜைக்கு வந்தன. எழுத்தைப் பார்த்தவுடன் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய ஜாபிதாவின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். புரோநோட்டில் கையெழுத்து பார்க்கத் தெரிந்த எந்தக் கிராமத்தானுக்கும் விளங்கியிருக்கும். இரண்டும் ஒரே கை.

பிக்கார் அதோடு நிற்கவில்லை. நீதிபதிகளுக்கு மட்டும் காட்டிய இரகசியக் கட்டை வரவழைத்துத் தானே பிரித்துப் பார்த்தார். பெரிய பெரிய ஜெனரல்கள் எல்லாம் "ருசு இருக்கிறது, ருசு இருக்கிறது" என்று அடித்துச் சொன்ன அந்தக் கட்டில் டிரேபஸைக் குற்றவாளியாக்குகின்ற காகிதம் ஒன்றுகூட இல்லை. 'டி' என்ற எழுத்தைக் கொண்டு யாரையோ குறிப்பிடும் ஒரு கடிதம் இருந்தது, அவ்வளவுதான். அதுவரை அந்தக் கட்டை நம்பினவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தவர்கள் என்று கேட்கின்றோம்.

உடனே மேலதிகாரிகளிடம் போனார். ஜெனரல் கான்ஸ் என்பவர், அந்த யூதன் தீவில் கிடந்தால் உமக்கென்ன, நீர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற கருத்தில் பேசியதாகவும், இது அருவருப்பான பேச்சு, இந்த இரகசியத்தைக் கூடவே குழிக்குக் கொண்டு போகமாட்டேன் என்று தாம் சொன்னதாகவும் பிக்கார் பின்னால் சாக்ஷியம் கூறினார். பலன் என்ன? 1896 நவம்பரில் அவரைப் பாரிசை விட்டுக் கிளப்பி, கடைசியில் ஆப்பிரிக்காவில் டுனீசியாவுக்குத் தள்ளினார்கள். அவருக்குக் கீழே இருந்த ஹென்றி என்ற மேஜர், டிரேபஸின் பெயர் வருகிற மாதிரி ஒரு கடிதத்தை வெட்டி ஒட்டித் தயார் செய்தார். ருசு இல்லாவிட்டால் என்ன, செய்துகொண்டால் போகிறது!

இங்கே பிக்காரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. 1896 செப்டம்பரில் உண்மை தெரிந்தவர், 1897 ஜூன் வரையில் வெளியாரிடம் வாய் திறக்கவில்லை. தனக்கே ஆபத்து வருகிறதென்று கண்ட பிறகுதான் லெப்லுவா என்ற வக்கீல் நண்பரிடம் சொன்னார். அதிலும் டிரேபஸ் குடும்பத்தாருக்குச் சொல்லக் கூடாதென்று நிபந்தனை போட்டார். தீவில் டிரேபஸ் இரவில் விலங்கிடப்பட்டுக் கிடந்ததும் அந்த 1896இல்தான். உத்தியோக விசுவாசம் யோக்கியமான மனிதனைக்கூட எவ்வளவு காலம் ஊமையாக்கி வைக்கிறது பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உலகறிந்தது. 1898 ஜனவரியில் ராணுவ நீதிபதிகள் எஸ்டர்ஹாஸியை விடுதலை செய்தார்கள். இரண்டு நாளில் எமில் ஸோலா குடியரசுத் தலைவருக்குத் தம் பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டார். பிக்காரைக் கைது செய்து, பிறகு வேலையை விட்டும் நீக்கினார்கள். ஜூலையில் யுத்த மந்திரி காவென்யாக் அந்தப் பொய்க் கடிதத்தைச் சட்டசபையில் படிக்க, அந்தப் பேச்சை ஊர் ஊராக ஒட்டும்படி சபை தீர்மானித்தது. அது பொய்யென்று எழுதிய பிக்காருக்குச் சிறைவாசம்! ஆகஸ்டு மாதத்தில் மந்திரியின் சொந்த ஆள் ஒருவரே விளக்கு வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு வேறு காகிதங்களின் கோடுகள் நிறம் மாறித் தெரிந்தன. ஹென்றி ஒப்புக்கொண்டார், மறுநாள் சிறையில் சவரக்கத்தியால் கழுத்தறுபட்டுச் செத்துக் கிடந்தார். என் அறையில் அந்த மாதிரி கத்தி கிடந்து நான் செத்திருந்தால் அது கொலை, தற்கொலையல்ல என்று பிக்கார் கோர்ட்டிலேயே பகிரங்கமாகச் சொல்லிவைத்தார். தேசபக்தப் பத்திரிகை ஒன்றோ பொய்க் கடிதம் செய்த ஹென்றியின் மனைவிக்கென்று நிதி திரட்டியது. ஒரு லட்சம் பிராங்குக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பாதிரிமார்களும் உண்டு. தம் வேதத்தில் பொய்ச் சாக்ஷி சொல்லாதே என்றிருப்பதை அவர்கள் அன்று மறந்து போனார்கள் போலும்.

1899இல் ரென் நகரத்து ராணுவ நீதிபதிகள் டிரேபஸை மறுபடியும் குற்றவாளி என்றார்கள். சர்க்கார் மன்னிப்பு கொடுத்து அனுப்பியது. 1900இல் எல்லாருக்கும் பொது மன்னிப்பு என்று சட்டம் செய்தபோது, பொய்யனையும் என்னையும் ஒரே தராசில் வைக்காதே என்று பிக்கார் எதிர்த்தார். 1906 ஜூலையில்தான் மேல் கோர்ட்டு டிரேபஸ் நிரபராதி என்று தீர்த்தது.

மறுநாளே சட்டம் செய்து இருவரையும் ராணுவத்தில் திரும்பச் சேர்த்தார்கள். பிக்கார் வெளியே இருந்த வருஷங்களையும் கணக்கிலெடுத்து அவரை பிரிகேடியர் ஜெனரலாக்கினார்கள். டிரேபஸுக்குத் தீவில் கழிந்த வருஷங்களைச் சேர்க்காமல் மேஜர் பதவி மட்டும் கொடுத்தார்கள். அக்டோபரில் கிளெமான்சோ மந்திரி சபை அமைத்தபோது பிக்காரே யுத்த மந்திரியானார். டிரேபஸ் அவரிடம் தம் குறையைச் சொல்லிக் கொண்டார். பிக்கார் இணங்கவில்லை. காகிதத்தில் இருந்த பொய்யைக் கண்டுபிடித்த கண்ணுக்கு, எதிரே நிற்கின்ற மனிதனுடைய நியாயம் தெரியவில்லை. தம் வகுப்பு வெறுப்பை அவர் கடைசிவரை கழற்றி வைக்கவே இல்லை என்றுதான் நமக்குப் படுகின்றது. 1907இல் தெற்குப் பிரான்சில் திராட்சைக் குடியானவர்கள் விலை வீழ்ச்சியால் கிளர்ச்சி செய்தபோது அவர்கள் மீது பட்டாளம் போனதும், நார்போன் நகரத்தில் ஜனங்கள் சுடப்பட்டு இறந்ததும் இவர் யுத்த மந்திரியாயிருந்த காலத்தில்தான்.

அதே 1907இல் டிரேபஸ் மேஜராகவே விலகிக் கொண்டார். 1914 ஜனவரியில் பிக்கார் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். டிரேபஸ் 1935இல் இறந்தார். அவரை பிரிகேடியர் ஜெனரலாக்க வேண்டுமென்று பிரெஞ்சு தேசிய சபை ஏகமனதாக வாக்களித்தது 2025 ஜூன் மாதத்தில்.