வெப்பத்தைப் பார்க்கும் அதிசயக் கண்!

அடுப்பில் தோசைக்கல் கிடக்கிறது. அது சுடுகிறதா, ஆறிவிட்டதா? பார்த்தால் தெரியாது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் தெரிந்துவிடும்.

கல்லிலிருந்து வரும் அந்த வெப்பமும் ஒரு வகை ஒளிதான். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதற்கு "அகச்சிவப்புக் கதிர்" என்று பெயர்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார். சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேதான் சூடு அதிகம் ஏறியது!

இந்தக் கதிரைக் கொண்டு படம் பிடிக்கும் கண்ணை இன்று ஏவுகணையின் மூக்கில் பொருத்துகிறார்கள்.

டாங்கியைத் தேடும் "நாக்"

1983ல் மத்திய அரசாங்கம் ஏவுகணைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அதற்குத் தலைமை தாங்கினார். அத்திட்டத்தின் ஐந்து ஏவுகணைகளில் ஒன்று "நாக்". எதிரியின் டாங்கியை அழிப்பது இதன் வேலை.

ஓடுகிற டாங்கியின் என்ஜின் சுடும். அந்தச் சூட்டை "நாக்"கின் கண் படமாகப் பார்க்கிறது. வீரர் இலக்கைக் குறித்துக்கொடுத்து ஏவினால் போதும். பிறகு கண்ணே வழிகாட்டும். 4 கிலோமீட்டர் வரை பறந்து, இரும்புத் தகடு மெலிந்திருக்கும் மேல்பக்கத்தில் பாயும். இருட்டும் அதற்குத் தடை இல்லை.

வெயில் கொடுத்த தொல்லை

ஆனால் கோடை வெயில் தடையாக வந்தது!

சித்திரை மாதம் நாமக்கல் நெடுஞ்சாலையில் நடுப்பகலில் நிற்கும் லாரியைத் தொட்டுப் பாருங்கள். லாரியும் சுடும், தார் ரோடும் சுடும். எல்லாமே சுட்டால், எது என்ஜின், எது தரை என்று வெப்பக் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

ராஜஸ்தான் பாலைவனத்தில் இதுதான் நடந்தது. கொதிக்கும் மணலில், தூரத்து இலக்கைக் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை. விஞ்ஞானிகள் இன்னும் கூர்மையான கண்ணைப் பொருத்தினார்கள். 2019 ஜூலையில் பொக்ரானில் பகலிலும் இரவிலும் கோடைச் சோதனை நடந்தது. 2020 அக்டோபர் 22ந் தேதி ராணுவத்தின் இறுதிச் சோதனையும் வெற்றி பெற்றது. திட்டம் தொடங்கி 37 ஆண்டுகள்!

2025 மார்ச்சில், "நாக்" ஏவும் வண்டிகளுக்காக ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனத்துடன் ரூ.1,801 கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

சேலத்துக்கு என்ன வேலை?

2019 ஜனவரியில் தமிழ்நாட்டு ராணுவத் தொழில் வழித்தடம் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்தும் அதன் மையங்கள்.

சேலத்தில் இரும்பாலை இருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் இருக்கின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகின்றன. இரும்பை வெட்டவும், வளைக்கவும், பற்றவைக்கவும் இந்த மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏவுகணையின் உடம்பையும் வண்டியையும் செய்ய இந்தக் கைத்தொழில் உதவும்.

கண் வேறு சங்கதி. வெகுதூரத்துச் சூட்டைக் காணும் கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி உதவாது. அது அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜெர்மானியம் என்ற பொருளில் வில்லை தேய்க்க வேண்டும். பாதரசம், காட்மியம், டெல்லூரியம் மூன்றும் கலந்த படிகம் வளர்க்க வேண்டும். தூசி துளியும் கூடாது. கண்ணின் சொந்தச் சூடே படத்தைக் கெடுக்கும் என்பதால், அதைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 196 டிகிரி வரை குளிர வைக்கிறார்கள்!

இத்தகைய கண்களை இந்தியா நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது. விற்பவர் நாளை மறுத்தால்? உடம்பு நம்முடையதாக இருந்தும் ஏவுகணை குருடாகிவிடும். சேலத்துப் பிள்ளைகள் வெல்டிங்கோடு ஒளியியலும் படிக வேலையும் கற்றால்தான் வழித்தடத்தின் முழுப் பலனும் இங்கே வரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வெப்பக் கண் சூட்டையும் வடிவத்தையும் பார்க்கும். உள்ளே இருப்பது பகைவனா, வழிதவறி வந்த அப்பாவியா என்று அதற்குத் தெரியாது. இலக்கைக் குறித்துக்கொடுக்கும் மனிதன்தான் அதைப் பார்த்தாக வேண்டும்.