குளிர்பதனப் பெட்டியும் வீட்டுக் கணக்கும்

உணவுப் பாதுகாப்பு என்றதும் நம்மில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவன தானியக் கிடங்குகளும், பழம் பதனிடும் ஆலைகளும், துறைமுகக் குளிர் அறைகளுமே ஆகும். அறுவடைக்கும் அங்காடிக்கும் இடையே அழிந்துபோகும் பொருளைப் பற்றி ஆராய்ச்சிகள் பல நடைபெற்றுள்ளன. ஆனால் அங்காடியிலிருந்து வீட்டை அடைந்த பின்னர் அப்பொருளுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். வீட்டுச் சமையலறையும் ஓர் உணவுக் கிடங்கே. அதற்கும் முறையான நிர்வாகம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இங்கு நோக்கத்தக்கது. 2022ஆம் ஆண்டில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானதே என்றும் அது மதிப்பிடுகிறது. இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோகிராம் என்பது அதன் கணிப்பு. தோல், கொட்டை போன்ற உண்ணாத பகுதிகளும் இதில் அடங்கும். அவ்வாறாயினும், நால்வர் வாழும் ஒரு வீட்டில் நாள்தோறும் 600 கிராம் வெளியே செல்கிறது என்பது சிறிய செய்தியன்று.

இதனைப் பற்றிச் சிந்திக்க மைசூர் நகரினும் பொருத்தமான இடம் நம் நாட்டில் இல்லை. 1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அந்நகரின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. டாக்டர் வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநராக விளங்கினார். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையையும், பழங்களின்மீது மெழுகுக் குழம்பு பூசி அவை வாடாமல் காக்கும் முறையையும் அந்நிலையம் நாட்டுக்கு அளித்தது. 1961இல் இராணுவத்தினரின் உணவுக்கென ஓர் ஆராய்ச்சிக்கூடமும் அதே நகரில் நிறுவப்பட்டது. ஆலைக்கும் போர்முனைக்கும் சென்ற இவ்வறிவு, அதே நகரின் தேவராஜா அங்காடியில் கீரையும் கத்தரிக்காயும் வாங்கிச் செல்லும் இல்லத்தாரின் சமையலறைக்கும் செல்லவேண்டாமா?

முதற்கண் நாம் தெளிய வேண்டியது யாதெனில், குளிர் உணவின் அழிவை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. காய்கனிகளில் உள்ள நொதிகளும், உணவில் வளரும் நுண்ணுயிர்களும் வெப்பத்தில் விரைந்தும் குளிரில் மெதுவாகவும் இயங்குகின்றன. வெப்பநிலை 10 டிகிரி சென்டிகிரேடு குறையுந்தோறும் இவ்வினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகும் என்பது பொது விதி. பெட்டியினுள் 4 அல்லது 5 டிகிரி இருப்பின் நமக்குச் சில நாட்கள் கிடைக்கின்றன. அந்நாட்களைக் கணக்கிட்டுப் பயன்படுத்துவோர்க்கே பெட்டி உதவுகிறது. உள்ளே வைத்ததும் பொருள் காக்கப்பட்டுவிட்டது என்று எண்ணி மறந்துவிடுவோர்க்கு அது குப்பைக்குச் செல்லும் வழியில் உள்ள ஒரு சாவடியாகவே முடிகிறது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத பழைய சமையலறையில் இக்கணக்கு நாள்தோறும் தானாகவே நடந்தது. மிஞ்சிய சோற்றில் இரவே நீர் ஊற்றினர். புளித்த மோர் குழம்பாயிற்று. மைசூர் வீடுகளில் முதல் நாள் சோறு காலையில் சித்திரான்னமாக மாறியது. மறுநாள் கெட்டுவிடும் என்ற அச்சம், இன்று என்ன மிஞ்சியது என்று ஒவ்வொரு மாலையும் பார்க்கச் செய்தது. பெட்டி வந்தபின் அச்சம் நீங்கிற்று. அதனோடு கணக்குப் பார்க்கும் பழக்கமும் நீங்கிற்று. பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதன்று என் கருத்து. இயந்திரத்தை ஏற்றுக்கொண்ட நாம், அது வருமுன் இருந்த ஒழுங்கைக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை என்பதே.

அவ்வொழுங்கை மீட்க மூன்று நெறிகள் போதும். முதலாவது, பொருள்களைக் கால வரிசையில் வைத்தல். நேற்று வந்தது முன்னே நிற்க, இன்று வந்தது பின்னே செல்ல வேண்டும். கண்ணுக்கு நேரான தட்டில் ஒரு பகுதியை, இன்றோ நாளையோ தீர்க்க வேண்டிய பொருள்களுக்கென ஒதுக்கிவிடலாம். அரிந்த பூசணிக்காய், எஞ்சிய தேங்காய் மூடி, புளிக்கத் தொடங்கிய இட்லி மாவு ஆகியவை அங்கே இருத்தல் வேண்டும். சமைப்பவர் அன்றாடம் முதலில் அப்பகுதியைப் பார்த்த பின்னரே அங்காடிக்குரிய பட்டியலை எழுதுதல் நலம்.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய இடத்தில் வைத்தல். பெட்டியின் எல்லாப் பகுதியும் ஒரே குளிர் உடையனவல்ல. பனி அறை மேலே அமைந்த ஒற்றைக் கதவுப் பெட்டியில் அதன் நேர் கீழ்த்தட்டு மிகுந்த குளிர் உடையது. பாலுக்கு அதுவே உரிய இடம். அடிக்கடி திறக்கப்படும் கதவின் உட்புறம் குளிர் குறைந்தது. ஊறுகாயும் பழப்பாகும் அங்கு இருக்கலாம். கீரையையும் கொத்தமல்லியையும் ஈரம் சொட்டாமல் துடைத்து, துணியில் சுற்றி, கீழுள்ள காய்கறி அறையில் வைக்க வேண்டும். பழுத்த மாம்பழமும் ஆப்பிளும் எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அவற்றின் அருகில் வைத்த கீரை விரைவில் மஞ்சளாகும்.

பெட்டிக்குள் புகவே கூடாத பொருள்களும் உள. மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டின் ரசபாளை வாழை புகழ்பெற்றது. அதுவாயினும் வேறு வாழையாயினும், ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே தோல் கருத்து, காய் சரிவரப் பழுக்கும் ஆற்றலை இழக்கும். காயான தக்காளியின் நிலையும் இதுவே. உருளைக்கிழங்கின் மாவுச்சத்து கடுங்குளிரில் சர்க்கரையாக மாறுகிறது; வெங்காயத்துக்குக் காற்றோட்டமான உலர்ந்த இடமே ஏற்றது. இவற்றை வெளியே வைப்பதால் பொருளும் பிழைக்கிறது. பெட்டியினுள் காற்று உலவ இடமும் கிடைக்கிறது. நெருக்கி அடைத்த பெட்டியில் குளிர் பரவாது. பின்னால் இருப்பது கண்ணுக்கும் படாது.

மூன்றாவது, சமைத்த உணவைப் பற்றியது. இங்கே சிக்கனத்தோடு உடல்நலமும் சேர்ந்து நிற்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். சோற்றில் காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு நெடுநேரம் வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சில் ஒரு வகை மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆதலின் எஞ்சிய சோற்றையும் குழம்பையும் அகன்ற பாத்திரங்களில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மூடிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து நன்கு சூடாக்குதல் வேண்டும். ஐயத்துக்குரிய உணவைச் சிக்கனம் கருதி உண்ணுதல் சிக்கனமாகாது.

பெட்டி உள்ளவர்க்கன்றோ இவ்வுபதேசம் என்று சிலர் வினவக்கூடும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஏறத்தாழப் பத்துக் குடும்பங்களில் நான்கில்தான் குளிர்பதனப் பெட்டி இருந்தது என்பது உண்மையே. ஆயினும் இல்லாதவர் வீட்டில் வீண் செய்ய மிகுதியில்லை. இருப்பவரே அளவுக்கு மீறி வாங்கிச் சேர்க்க வல்லவர். எனவே பொறுப்பும் அவர்களையே முதலில் சாரும். இனிப் புதிதாகப் பெட்டி வாங்கும் குடும்பங்கள், அதனோடு இவ்வொழுங்கையும் சேர்த்துப் பெறுவது நாட்டுக்கு நன்று.

ஆனால் இல்லத்தாரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. கால வரிசையில் அடுக்க வேண்டுமாயின் காலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். 2020ஆம் ஆண்டின் உணவுச் சீட்டு விதிகளின்படி, சீட்டிலுள்ள விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருத்தல் வேண்டும். பிற மொழியைச் சேர்ப்பது உற்பத்தியாளரின் விருப்பம். அச்சீட்டில் காணும் 'யூஸ் பை' என்பதும் 'பெஸ்ட் பிபோர்' என்பதும் ஒன்றல்ல. முன்னது கடந்தால் உண்ணலாகாது. பின்னது கடந்தால் சுவையும் மணமும் குன்றலாமேயன்றி உணவு தீங்காகிவிடும் என்பதில்லை. இவ்வேறுபாட்டை அறியாதவர் நல்ல பொருளை எறிவர். அல்லது தீய பொருளை வைத்திருப்பர்.

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டோர் என்னும் முறையில் நாம் இங்கு ஒன்று கேட்கலாம். 'இத்தேதிக்குப் பின் உண்ணலாகாது', 'இத்தேதி வரை தரம் குன்றாது' என்னும் இரண்டு வாக்கியங்கள் தமிழ்நாட்டில் தமிழிலும், மைசூரில் கன்னடத்திலும், அவ்வாறே பிற மாநிலங்களில் அவரவர் மொழியிலும் சீட்டில் கட்டாயமாக அச்சிடப்பெற வேண்டும். இதற்குப் புதிய கருவியோ பெரும் பொருட்செலவோ தேவையில்லை. அவ்விதி வரும்வரை, வீட்டார் ஒரு துண்டுக் காகிதத்தில் தேதியைத் தம் மொழியில் எழுதிப் பாத்திரத்தின்மீது ஒட்டி வைக்கலாம். அதற்குத் தடையேதும் இல்லை.